முதலில் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜெனீவா துகள் மோதியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 27 கிலோமீட்டர் சுரங்க வளையம், நொடிக்கு 100 கோடி மோதல், 2012-ல் சிக்கிய ஹிக்ஸ் துகள், இனிமேல் செயற்கை நுண்ணறிவே தரவையெல்லாம் சரிபார்த்துவிடும் என்ற நம்பிக்கை, எல்லாம் நன்றாகவே இருந்தது. குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு ஆளைக் காணோம். ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, வருகிற தரவு உருப்படியா இல்லையா என்று பார்த்து, பார்த்ததை எழுதி வைக்கிற ஆள். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடமில்லாமல் வெட்டுவதானால் முன்பாதியை வெட்டுங்கள், பின்பாதியை விட்டுவிடுங்கள்.

நான் விஞ்ஞானி கிடையாது. கேரள எல்லையை ஒட்டிய துணைமின் நிலையங்களில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மணிக்கு மணி ரீடிங் எடுத்து லாக் ஷீட்டில் எழுதுவதுதான் பிழைப்பு. பஸ் வோல்டேஜ், ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒவ்வொரு ஃபீடர் லைனிலும் எத்தனை ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ச் சூடு, வைண்டிங் சூடு, பேட்டரி வோல்டேஜ். ஃபீடர் டிரிப் ஆனால் சிவப்பு மையில் நேரம், எந்த ரிலே (கோளாறைக் கண்டதும் லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) விழுந்தது, என்ன காரணம். ஜூன் பிறந்து குமுளிப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் சிவப்புப் பேனா சீக்கிரமே தீர்ந்துவிடும்.

வெளியில் இருப்பவர்களுக்கு லாக் ஷீட் என்றால் கட்டம் நிரப்பும் வேலை. எட்டு மணி நேரமும் 33.0, 33.0, 33.0 என்று ஒரே எண் இருந்தால் மின்சாரம் சீராக வந்தது என்று நினைப்பார்கள். எங்களுக்கு அதுதான் வயிற்றைக் கலக்கும். ஒன்று மீட்டர் முள் சிக்கியிருக்கிறது, இல்லாவிட்டால் ஆள் தூங்கியிருக்கிறார். சாயங்காலம் ஊரே விளக்குப் போடும்போது வோல்டேஜ் கொஞ்சமாவது இறங்கத்தான் செய்யும். இறங்கவில்லையென்றால் எழுந்து போய் மீட்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஓரிடத்தில், விடியற்காலையில் உட்கார்ந்து ராத்திரி முழுசுக்கும் சேர்த்து ரீடிங் எழுதுகிற பழக்கம் இருந்தது. எந்த இடம் என்பது வேண்டாம். ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி டிரிப் ஆகிவிட்டது. எத்தனை மணியிலிருந்து ஏற ஆரம்பித்தது என்று விசாரிக்க வந்த அதிகாரி லாக் ஷீட்டைப் புரட்டினார். ராத்திரி முழுக்க 52 டிகிரி. முத்து முத்தான கையெழுத்து.

என் அண்ணன் மகள் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. அந்தத் துகள் மோதியை நடத்தும் ஜெனீவா ஆய்வகம்தான் செர்ன். அங்கே மோதல்களைப் பதிவு செய்கிற சிஎம்எஸ் கருவியின் கூட்டு ஆய்வில் மும்பை டாடா நிறுவனம், பாபா அணு ஆராய்ச்சி மையம், சென்னை ஐஐடி என்று இந்திய நிறுவனங்கள் பல இருக்கின்றன. 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. அந்த வழியில் அவளுக்கும் தரவுத் தரம் பார்க்கிற ஷிப்ட் வரும். சில ஷிப்டுகளை ஜெனீவாவுக்குப் போகாமல் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாமாம். ஒரு ஆடி மாதம் ஊருக்கு வந்தவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு சிம், கேரள சிம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நெட் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன பாப்பா அது என்று எட்டிப் பார்த்தேன்.

"உங்க லாக் ஷீட்தான் சித்தப்பா. நீங்க மணிக்கு ஒரு தடவை எழுதுவீங்க. இங்க 23 வினாடிக்கு ஒரு கட்டம்."

புரோட்டான் கற்றை அந்த வளையத்தை 2,62,144 முறை சுற்றி வர ஆகும் நேரம் அது, 23 வினாடிக்குச் சற்று அதிகம். தரவை அந்த அளவில் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கருவியின் எந்தப் பகுதி சரியாக இருந்தது, எது இல்லை என்று முத்திரை குத்துகிறார்கள். அட்லஸ் என்ற இன்னொரு கருவியில் துண்டு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

திரையில் வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு. ஒன்று இப்போது வருவது, மற்றது நல்ல நாள் ஒன்றில் எடுத்து வைத்த மாதிரி. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தால் சரி. சிஎம்எஸ்ஸில் ஒளியையும் எலக்ட்ரானையும் அளக்க மட்டும் 75,848 படிகங்கள். அதில் ஒன்று ஓயாமல் கத்தினால் அது கெட்டுப்போன சேனல். வாயே திறக்காமல் கிடந்தாலும் கெட்டதுதான். "சத்தமே இல்லைன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம் சித்தப்பா" என்றாள். எனக்கு அந்த 52 டிகிரி ஞாபகம் வந்தது.

படம் மாறியிருந்தால் உடனே 'கெட்டது' என்று அடித்துவிடுவதும் இல்லை. கற்றையின் அடர்த்தி மாறினாலும் படம் மாறும். யாராவது வேண்டுமென்றே ஒரு அமைப்பை மாற்றியிருந்தாலும் மாறும். அதனால் முந்தைய ஷிப்ட் எழுதியதைப் புரட்ட வேண்டும், அந்தப் பகுதியின் பொறுப்பாளரைக் கேட்க வேண்டும், பிறகு என்ன பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். ஷிப்ட் ஆள் போடுவது முதல் முத்திரைதான். பிறகு ஒவ்வொரு பகுதியின் நிபுணரும் திரும்பப் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு பட்டியல் வரும்: இந்த எண்ணுள்ள ஓட்டத்தில் (ஒரு மூச்சில் தரவு எடுக்கிற காலத்தை அப்படிச் சொல்கிறார்கள்) இத்தனாம் துண்டு முதல் இத்தனாம் துண்டு வரை பயன்படுத்தலாம் என்று. உலகத்தில் எந்த மூலையில் யார் சிஎம்எஸ் தரவை அலசினாலும் அந்தப் பட்டியலைத்தான் எடுக்க வேண்டும். தனக்குப் பிடித்த நாளைப் பொறுக்கிக்கொள்ள முடியாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பட்டியல் எதைப் பார்த்துப் போடப்படுகிறது என்பது. கருவி எப்படி இருந்தது என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்தத் தரவிலிருந்து புதுத் துகள் வருமா வராதா என்பது அந்த மேஜைக்கு வருவதே இல்லை. விடையைப் பார்த்துவிட்டு எந்த ரீடிங் சரி என்று முடிவு செய்தால் நமக்கு வேண்டிய விடைதானே வரும். எங்கள் எல்லைப் பக்கம் இதை விளக்கவே வேண்டாம். முல்லைப் பெரியாறு அணையில் கசிவு நீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பத்திரிகையில் ஒரு எண் வந்தால், அது யாருக்குச் சாதகம் என்று பார்த்துவிட்டுத்தான் குமுளி டீக்கடையில் மலையாளத்திலும் தமிழிலும் நம்புகிறார்கள்.

கெட்ட தரவை என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அழித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் சொன்ன இரண்டு கதைகளை உங்கள் வாசகர்களும் கேட்க வேண்டும்.

2018 ஜூன் 30 அன்று சிஎம்எஸ்ஸின் ஒரு முனையில், துகள்களின் ஆற்றலை அளக்கும் ஹாட்ரான் கலோரிமீட்டர் என்கிற பகுதியில் இரண்டு பாகங்களுக்கு மின் சப்ளை போய்விட்டது. 360 டிகிரி வட்டத்தில் 40 டிகிரி குருடு. அங்கே போய்ச் சரிசெய்ய வேண்டுமானால் மோதலை நிறுத்தி கருவியைத் திறக்க வேண்டும். எங்களுக்கென்றால் லைன் கிளியர் (லைனில் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கிக்கொண்டு அரை நாளில் முடிக்கிற வேலை, அங்கே அப்படி முடியாது. ஆண்டுக் கடைசியில் நீண்ட நிறுத்தம் வரும்வரை அப்படியே ஓட்டினார்கள். 319077 என்ற எண்ணுள்ள ஓட்டத்திலிருந்து இந்தக் குறை உண்டு என்று பதிவில் ஏறியது. அந்த ஆண்டுத் தரவில் பாதிக்கும் மேல் இப்படி ஒரு கண் இல்லாமல் எடுத்தது.

இதை எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஓட்டைப் பக்கம் போன துகள்களின் ஆற்றல் கணக்கில் குறையும். ஒரு பக்கம் ஆற்றல் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று கணக்கு காட்டும். பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்று சொல்லப்படும் இருண்ட பொருளைத் தேடுகிறவர்கள் வருடக்கணக்காகக் காத்திருப்பதே அந்த அடையாளத்துக்குத்தான். சப்ளை போன இடத்தில் நோபல் பரிசைத் தேடியிருப்பார்கள். எழுதி வைத்ததால் அந்தத் தரவு முழுவதும் பயன்பட்டது. அந்த 40 டிகிரியை மட்டும் எச்சரிக்கையோடு கையாண்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று 2015-ல். சிஎம்எஸ்ஸின் பெரிய காந்தத்தைக் குளிர்விக்கும் அமைப்பில் கோளாறு. 3.8 டெஸ்லா இருக்க வேண்டிய காந்தப் புலம் பூஜ்யமாக இருந்தபோதும் கொஞ்சம் தரவு எடுத்தார்கள். காந்தம் இல்லாவிட்டால் மின்னூட்டம் உள்ள துகள் வளையாது, வளையாவிட்டால் அதன் உந்தத்தை அளக்க முடியாது. பெரும்பாலான ஆய்வுக்கு அது உதவாத தரவு. ஆனால் ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது, காந்தம் இருந்தாலும் அது நேராகத்தான் போகும். அதனால் இரண்டு ஃபோட்டானாகச் சிதறும் புதுத் துகளைத் தேடியவர்கள் 2016-ல் அந்தக் காந்தமில்லாத் தரவையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்தத் துண்டு காந்தத்தோடு எடுத்தது, எது இல்லாமல் எடுத்தது என்று பிரித்து எழுதியிருந்ததால்தான் அது முடிந்தது. (750 ஜிஇவி என்ற ஆற்றல் அளவில் புதுத் துகள் இருப்பதுபோல் ஒரு மேடு தெரிகிறது என்று உலகமே துள்ளியது இந்தத் தேடலில்தான். ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு கரைந்துவிட்டது. அது கருவியின் குற்றமில்லை, தரவு குறைவாக இருந்தால் அப்படித் தற்செயலாக ஒரு மேடு எழும்பும்.)

இப்போது ஒரு கணக்கு. அட்லஸ் கருவிக்கு 2015 முதல் 2018 வரை வளையம் கொடுத்த மோதல்கள், அவர்கள் அளவில், 156 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன். ஒரு இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் என்றால் ஏறக்குறைய 80 லட்சம் கோடி மோதல் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் கருவி பதிவு செய்தது 147. ஆய்வுக்கு நல்லது என்று கையெழுத்தானது 139. கண்டுபிடிப்புச் செய்தி வரும்போதெல்லாம் கடைசி எண் மட்டும் அச்சாகிறது. 156 எப்படி 147 ஆனது, 147 எப்படி 139 ஆனது என்று அவர்களே தாள் தாளாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அதை யாரும் செய்தியாக்குவதில்லை. என்னைக் கேட்டால் அந்த நிறுவனத்தை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள அந்தத் தாள்களே போதும்.

என் தொழில்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாபெரும் இயந்திரத்தை நிறுத்திய கோளாறுகள் எங்களுக்குப் பழகியவைதான். 2008 செப்டம்பர் 19-ல் இரண்டு காந்தங்களுக்கு நடுவில் ஒரே ஒரு மின் இணைப்பு சரியாக ஒட்டாமல், சூடேறி, ஆர்க் அடித்து, டன் கணக்கில் ஹீலியம் வெளியேறியது. மறுபடி கற்றை ஓட 2009 நவம்பர் ஆனது. ஜம்பரில் (இரண்டு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) ஹாட் ஸ்பாட் பார்த்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் பட்டம் வேண்டாம். 2016 ஏப்ரல் 29-ல் மரநாய் இனத்துச் சிறு விலங்கு ஒன்று 66 கேவி (66,000 வோல்ட்) டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி ஷார்ட் ஆகி மொத்த வளையமும் நின்றது. இங்கே அணில், குரங்கு, சாரைப்பாம்பு. அங்கே மரநாய். பாவம் அதுவும்.

எல்லாவற்றிலும் பெரிய லூஸ் காண்டாக்ட் 2011-ல். செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் ஆபெரா என்ற கருவி. எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்துவிட்டன என்று அந்த செப்டம்பரில் அறிவித்தார்கள். ஐன்ஸ்டீன் தோற்றார் என்று நம் பத்திரிகைகளும் எழுதின. சில மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஃபைபர் கேபிள் முழுசாக முடுக்கப்படவில்லை. எனக்கு வியப்பு அதற்கு அப்புறம் நடந்ததில்தான். கேபிள் எப்போதிலிருந்து அப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? அதே மலைக்குள் எல்விடி என்று வேறொரு கருவி பல வருடமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கருவியையும் கடந்து போன மியூவான்களை (பாறையையும் துளைத்துப் போகும் மின்னூட்டத் துகள்கள்) இரண்டின் பழைய பதிவிலும் தேடி எடுத்து நேரத்தை ஒப்பிட்டார்கள். 2008 ஆகஸ்டிலிருந்து 2011 டிசம்பர் வரை 73 நானோ நொடி அளவுக்குப் பிசகு இருந்தது என்று வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனும் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால் கிடைத்த சாட்சி.

செயற்கை நுண்ணறிவு பற்றி உங்கள் கட்டுரை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2022-ல் தொடங்கிய ஓட்டத்தில் சிஎம்எஸ்ஸின் படிகப் பகுதியைக் கண்காணிக்க அப்படி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல நாட்களின் படங்களைக் காட்டிப் பழக்கினால், வழக்கத்துக்கு மாறானது வந்தவுடன் அது கை காட்டும். மனிதக் கண்ணுக்குத் தப்புவதையும் பிடிக்கிறதாம். நல்லதுதான். ரிலேயும் அப்படித்தானே, எங்களைவிட வேகமாகப் பார்த்துவிடும். ரிலே விழுந்த பிறகு மரக்கிளையா, மின்னலா, இன்சுலேட்டர் வெடிப்பா என்று லைனோடு நடந்து போய்ப் பார்த்து எழுத ஆள் வேண்டும். 'எல்லாத் தரவையும் சரிபார்த்துவிடும்' என்ற வாக்கியத்தை மட்டும் கட்டுரையாளர் எடுத்துவிடலாம்.

சரி, இதையெல்லாம் எதற்கு ஒரு தேனி மாவட்டத்துக்காரன் எழுத வேண்டும்? போடி மேற்கு மலை இருக்கிறதே, அதனால்தான்.

பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 50,000 டன் இரும்பு, இடையிடையே ஏறக்குறைய 30,000 கண்ணாடித் தட்டு உணரிகள் என்பது திட்டம். வழக்கு, எதிர்ப்பு, தடை, மறுபடி அனுமதி என்று இழுத்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், மதிகெட்டான் சோலையையும் பெரியாறையும் இணைக்கும் புலி வழித்தடம் அது என்று சொல்லி எதிர்த்தது. அதே உணரிகளை வைத்து 85 டன்னில் சின்னதாக ஒரு கருவி மதுரையில் கட்டி மியூவான்களைப் பதிவு செய்தார்கள்.

அந்த உணரி எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான சரக்கு. 3 மில்லிமீட்டர் கண்ணாடித் தட்டு இரண்டு, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, அதன் குறுக்கே 10 கேவி. கிட்டத்தட்ட எங்கள் 11 கேவி ஃபீடர் வோல்டேஜ், கரண்ட் மட்டும் நானோ ஆம்பியர் கணக்கு. வாயுக் கலவையில் நூற்றில் 0.3 பங்கு எஸ்எஃப்-6, பிரேக்கருக்குள் ஆர்க்கை அணைக்க நாங்கள் போடுகிற அதே வாயு. காற்றில் ஈரம் ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறும், சூடும் அழுத்தமும் மாறினால் உணரியின் குணமே மாறும். ஆகவே தரவோடு சேர்த்து வெப்பம், ஈரம், அழுத்தம், ஒவ்வொரு தட்டின் கரண்ட் எல்லாம் பதிவாகியே தீர வேண்டும். திட்டமிட்ட முழு அளவில் 37 லட்சம் சேனல். ஒவ்வொன்றும் எத்தனை முறை காரணமில்லாமல் கத்துகிறது என்று எண்ண வேண்டும்.

இத்தனை நுணுக்கமாக எழுதி வைக்கத் தெரிந்த ஆட்கள் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மலையைப் பற்றி நடந்த கூட்டங்களில் நான் கேட்டதெல்லாம் ஒரு பக்கம் 'விஞ்ஞானிகளை நம்புங்கள்', மறுபக்கம் 'நம்பாதீர்கள்'. இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்திருக்கிறேன். மலைக்கு வெளியே உள்ள ரீடிங் பற்றி இரண்டு பக்கமும் பேசவில்லை. சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் எத்தனை அடி, மழைக்கு அப்புறம் எத்தனை அடி, ஊற்றுகள் எந்த மாதம் வரை ஓடுகின்றன, தரை அதிர்வு சாதாரண நாளில் எவ்வளவு. வெடி வைப்பதற்குப் பல வருடம் முன்பிருந்தே இதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட ஒரு மாதிரிக் கோடு கிடைக்கும். கிணறு வற்றிய பிறகு யார் என்ன சொன்னாலும் அது வாய்ச் சண்டைதான். அதை எழுதுகிறவரும் திட்டக்காரராக மட்டும் இருந்தால் போதாது. ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றும் தனியாக எழுதட்டும், இரண்டையும் மாதம் ஒருமுறை பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டட்டும். மீட்டர் பழுதான நாளில் 'பழுது' என்றே எழுதி ஒட்டட்டும். மூன்று வருடப் பதிவில் ஒரு 'பழுது' கூட இல்லையென்றால் நான் அந்தப் பதிவை நம்ப மாட்டேன்.

அந்த ஆய்வகம் வருமோ வராதோ. இங்கே இல்லையென்றால் வேறு மலைக்குப் போகும், அல்லது இதே மலைக்கு வேறு ஏதாவது திட்டம் வரும். எதுவானாலும் உங்கள் நிருபர்கள் பேட்டி எடுக்கும்போது முதல் கேள்வியாக லாக் புக்கைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பெரிய கண்டுபிடிப்புச் செய்தி போடும்போதும் எவ்வளவு பதிவானது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஏன் என்று ஒரு பத்தி சேருங்கள். அதற்கு விவரம் கிடைக்காது என்று கட்டுரையாளர் சொன்னால், கிடைக்கும். அட்லஸ் கணக்கு முழுசும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. என் அண்ணன் மகள் தமிழில் எழுதித் தரவும் தயார். ஷிப்ட் இல்லாத வாரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற துணைமின் நிலைய ஆபரேட்டர்,
கூடலூர், தேனி மாவட்டம்.